தோளில் யார்?

கண்ணை மூடிக்கொண்டு ‘விக்ரமாதித்தன்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உருவிய வாளோடு ஓர் அரசன் நடந்து வருகிறான். அவன் தோளில் வேதாளம் புகுந்த ஒரு பிணம் தொங்குகிறது. சுற்றிலும் சுடுகாடு. சிறுவயதில் அம்புலிமாமா என்ற சிறுவர் மாத இதழைப் படித்தவராக இருந்தால், நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் படம் உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கும்.

அதை வரைந்த கை 2020 செப்டம்பர் 29 அன்று ஓய்ந்தது. கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர். அம்புலிமாமா வாசகர்களுக்கு அவர் வெறும் ‘சங்கர்’. 1924 ஜூலை 19-இல் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவர், 96 வயதில் சென்னையில் காலமானார். அந்த இதழைத் தொடக்க காலத்தில் உருவாக்கியவர்களில் கடைசியாக நம்மோடு இருந்தவர் அவர்தான். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருதுப் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது, அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் மறைந்த அன்று இரவு நான் பரணிலிருந்து பழைய இதழ்களை இறக்கினேன். தாள் பழுத்து, ஓரம் பொடிந்து போயிருந்தது. படத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அது மனதில் முழுசாக இருந்தது என்பதுதான் என்னை வியக்க வைத்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்பாடுகளில் பாதி போய்விட்டது. கூடப் படித்தவர்களின் முகங்கள் பல மங்கிவிட்டன. உள்ளங்கையளவு மைக்கோடுகள் மட்டும் இத்தனை வருடம் எப்படித் தங்கின? அந்த ஓவியருக்கு நான் செலுத்தக்கூடிய அஞ்சலி, இந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்று தோன்றியது.

நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். புதன்சந்தை மாட்டுச் சந்தைக்குப் போய் வரும் அப்புச்சி, நாமக்கல் பஸ் ஸ்டாண்டு கடையில் அம்புலிமாமா வாங்கி, துண்டில் சுருட்டிக்கொண்டு வருவார். நாங்கள் நாலு பேர் அதன்மேல் விழுவோம். யாரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியதில்லை. வேதாளக் கதை எந்தப் பக்கம் என்று தேடி, முதலில் படத்தைப் பார்ப்போம். எழுத்துக்கூட்டத் தெரியாத தம்பியும் எங்களோடு சேர்ந்து அதே படத்தைப் பார்த்தான். எங்களுக்குப் புரிந்ததெல்லாம் அவனுக்கும் புரிந்தது.

இயற்கையில் இல்லாத கோடு

தம்பிக்கு எப்படிப் புரிந்தது? இந்தச் சின்னக் கேள்விக்குள் பெரிய விஷயம் இருக்கிறது. நம் முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு எதுவும் ஓடவில்லை. மரத்துக்கும் வானத்துக்கும் நடுவே யாரும் மையால் எல்லை போடவில்லை. வெளிச்சமும் நிழலும் நிறமும்தான் இருக்கின்றன. ஆனாலும் வெள்ளைத் தாளில் நாலு வளைகோடு போட்டால், பிறந்ததிலிருந்து படமே பார்க்காத குழந்தைகூட அதைப் பொருளாகப் பார்க்கிறது.

இது சும்மா சொல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜூலியன் ஹாக்பெர்க்கும் வர்ஜீனியா புரூக்ஸும் ஒரு குழந்தையை 19 மாதம்வரை படங்களே கண்ணில் படாதபடி வளர்த்தார்கள். பொருள்களின் பெயர்களை நிஜப் பொருளை வைத்துத்தான் அது கற்றுக்கொண்டது. பிறகு அந்தப் பொருள்களின் கோட்டோவியங்களைக் காட்டினார்கள். குழந்தை பெயர் சொல்லியது. 1962-இல் வெளியான அந்த ஆய்வு, கோட்டோவியத்தைப் படிக்க யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று காட்டியது.

காரணம் மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கான பகுதியில் இருக்கிறது. 1958-இல் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு பூனையின் மூளையில் ஒற்றை நரம்பணுவின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் புள்ளிகளை வைத்துத் திரையில் காட்டினார்கள். நரம்பணு பேசவில்லை. மணிக்கணக்காக மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சில்லைக் கருவிக்குள் செருகும்போது, அதன் விளிம்பின் மெல்லிய நிழல் திரையில் ஒரு கோடாக நகர்ந்தது. அந்த நொடி நரம்பணு படபடவென்று துடித்தது. அந்த அணு புள்ளிக்காகக் காத்திருக்கவில்லை. குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் ஒரு விளிம்புக்காகக் காத்திருந்தது. பக்கத்திலிருந்த அணு வேறொரு சாய்வுக்குத் துடித்தது. கண்ணில் விழும் காட்சியை மூளை முதலில் விளிம்புகளாகப் பிரித்துக்கொள்கிறது என்பது அங்கிருந்து தெளிவாயிற்று. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதை அறிந்தபின் சங்கரின் படத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஓர் அரசனைப் பார்க்கும்போது நம் மூளை எந்த விளிம்புகளைப் பொறுக்கி எடுக்குமோ, அவற்றை அவர் முன்கூட்டியே பொறுக்கித் தாளில் வைத்துவிட்டார். புருவத்தின் வளைவு, தோள் இறங்கும் இடம், வேட்டி மடிப்பு, வாளின் நுனி. மற்றதை விட்டுவிட்டார். 2011-இல் டர்க் வால்தரும் அவருடைய குழுவினரும் கடற்கரை, மலை, தெரு போன்ற இடங்களின் புகைப்படங்களையும், அவற்றின் வெறும் கோட்டோவியங்களையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். இரண்டுக்கும் மூளையில் தோன்றிய பதிவு ஒன்றுபோலவே அமைந்தது. நிறமும் நிழலும் இல்லாமலேயே கடற்கரை கடற்கரையாகப் பதிந்தது.

முகத்துக்கு இன்னும் தனிச் சலுகை உண்டு. பிறந்து சில நிமிடங்களே ஆன சிசுக்கள்கூட, கண், மூக்கு, வாய் சரியான இடத்தில் வரையப்பட்ட அட்டையைத் தலையைத் திருப்பித் தொடர்கின்றன. அவற்றையே கலைத்துப் போட்ட அட்டையை அந்த அளவுக்குத் தொடர்வதில்லை. 1975-இல் வெளியான ஆய்வு இது. எங்கள் தம்பி வேதாளத்தின் முகத்தில் கண் எடுக்காமல் நின்றதற்கு, அவன் பிறக்கும்போதே கொண்டுவந்த அந்த ஆசையும் ஒரு காரணம்.

அசையாத காலடி

எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வு பிறவியில் வருவதில்லை. சங்கர் சின்ன வயதிலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர். 1941-இல் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். பாறையை நெம்பும் நாலு மனிதர்களின் முதுகும் தொடையும் புடைத்து நிற்கும். அதைச் செய்தவர்தான் அவர். மனித உடம்பு பாரம் தாங்கும்போது எங்கே இறுகும், எங்கே சாயும் என்று பார்க்கத் தெரிந்த ஆசிரியரிடம் படித்துத்தான் சங்கர் வெளியே வந்தார். 1946-இல் கலைமகள் இதழில் வேலைக்குச் சேர்ந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்குப் போனார்.

விக்ரமாதித்தன் ஒரு பிணத்தைச் சுமக்கிறான். சுமக்கும் உடம்பு எப்படி நிற்கும் என்று தெரியாத ஒருவர் வரைந்திருந்தால், அரசன் தோளில் ஒரு துணி மூட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பான். சங்கரின் அரசன் நடக்கிறான். பார்க்கிறவருக்குக் கனம் தெரிகிறது.

தாளில் எதுவும் நகரவில்லை. நகர்வது நம் மூளையில். அசைவைக் கண்டறிவதற்கென்றே மூளையில் ஒரு பகுதி உண்டு. ஜோயி கூர்ட்ஸியும் நான்சி கான்விஷரும் ஓடும் வீரர், பாயும் விலங்கு போன்ற அசையாப் படங்களைக் காட்டியபோது, அந்த அசைவுப் பகுதி ஓய்ந்திருக்கும் உருவங்களைப் பார்க்கையில் இருப்பதைவிடக் கூடுதலாக இயங்கியது. 2000-இல் வந்த ஆய்வு. அதற்கு முன்பே ஜெனிபர் ஃப்ரைட் இன்னொன்றைக் கண்டிருந்தார். பாதி அசைவில் நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள், அதை நினைவுகூரும்போது உண்மையில் இருந்ததைவிடச் சற்று முன்னே நகர்ந்ததாக நினைவுகூர்ந்தார்கள். காலைத் தூக்கியவன், நினைவில் அந்தக் காலை இன்னும் கொஞ்சம் முன்னே வைத்திருந்தான்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு, படத்துக்கு உயிர் உண்டு என்பது பழைய செய்தி. தோட்டத்திலிருந்து கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. அங்கே ஒரு பாவை இருந்ததாகச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. பார்த்தவரை மயக்கும் கொல்லிப்பாவை. கையால் செய்த உருவம் கண்ணெதிரே உயிர்கொண்டுவிடும் என்ற அச்சமும் ஆசையும் அந்தக் காலத்துப் புலவர்களுக்கே இருந்திருக்கிறது. மேற்கே நாமக்கல் மலை. அந்த ஒற்றைப் பாறையைக் குடைந்து 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் எடுத்த குடைவரைக் கோயிலில், இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார் நரசிம்மர்; காலைத் தூக்கி உலகளக்கிறார் திரிவிக்கிரமர். அப்புச்சி என்னை அங்கே தூக்கிக்கொண்டு போய், விரலால் காட்டிக் கதை சொல்லியிருக்கிறார். சுவரில் நின்ற கதையும் துண்டில் சுருண்டு வந்த கதையும் எனக்கு ஒரே இனமாகத்தான் பட்டன. ஒரு காலைத் தூக்கி நிற்கும் அந்தத் திரிவிக்கிரமரைப் பார்த்தாலும் மூளையின் அதே அசைவுப் பகுதிதான் விழித்துக்கொள்ளும் என்று இப்போது தெரிகிறது.

மாதம் ஒருமுறை

பார்த்தவுடன் புரிவதும் அசைவதும் சரி. ஐம்பது வருடம் எப்படித் தங்கியது?

படங்களை நினைவில் வைப்பதில் மனிதர்கள் நம்பமுடியாத திறமைசாலிகள். 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் சிலரை உட்காரவைத்து, ஐந்து நாளில் 10,000 படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை, சில வினாடிகள்தான். பிறகு, பார்த்த படத்தையும் பார்க்காத படத்தையும் இணையாக வைத்து எது பார்த்தது என்று கேட்டார். நூற்றுக்கு 83 சரியாக இருந்தது. சொற்களை வைத்துச் செய்தபோது அந்த அளவுக்கு வரவில்லை.

ஒருமுறை பார்த்ததற்கே அப்படியென்றால், மாதந்தோறும் பார்த்ததற்கு? 1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். வேதாளக் கதைகளின் மூலம், 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருக்கிறது. அதில் இருப்பவை 25 கதைகள். அம்புலிமாமா அத்தோடு நிறுத்தவில்லை. புதிய கதைகளை அதே சட்டத்துக்குள் வைத்துப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. கதை மாறும், முடிவில் வேதாளம் கேட்கும் கேள்வி மாறும். அரசனும் சுடுகாடும் தோளில் தொங்கும் பிணமும் மாறவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அதே காட்சி திரும்பி வந்தது.

நினைவைப் பற்றிய மிகப் பழைய உண்மைகளில் ஒன்று இங்கே வேலை செய்கிறது. ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை மணியில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். 1885-இல் அவர் எழுதிய நூலில், ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நன்றாகத் தங்குகிறது என்று பதிந்திருக்கிறார். பாதி மறந்திருக்கும் நேரத்தில் ஒன்றை மறுபடி சந்தித்தால் மூளை அதை முன்னைவிட உறுதியாகக் கட்டிவைக்கிறது. அடுத்த இதழுக்காக ஒரு மாதம் காத்திருந்த குழந்தைகள், தெரியாமலே அந்தப் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொரு கூட்டாளி, பயம். தமிழ்நாட்டுக் கதையில் வேதாளம் ஏறுவது முருங்கை மரம். எங்கள் கிணற்றோரம் ரெண்டு முருங்கை நின்றது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு வரச்சொன்னால், குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் நான் ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது. மூளையின் அடியில் வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. அச்சம், பரபரப்பு வரும்போது அது விழித்து, அந்த நேரத்து நினைவுகளை ஆழமாகப் பதியச் செய்கிறது. ஜேம்ஸ் மக்கா என்ற அமெரிக்க விஞ்ஞானி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து நிறுவிய விஷயம் இது. முருங்கை நிழலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சங்கரின் படம் எனக்குள் ஒருமுறை அச்சானது.

அச்சு என்றதும் அதன் வழியையும் சொல்ல வேண்டும். ஆஃப்செட் வருவதற்கு முன்பு அச்சகங்களில் கோட்டோவியத்தை ‘பிளாக்’ எடுப்பார்கள். படத்தைப் புகைப்பட நெகட்டிவாக எடுத்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கோடு இருந்த இடத்தில் பூச்சு இறுகும். மிச்சத்தைக் கழுவிவிட்டு அமிலத்தில் இட்டால், பூச்சில்லாத உலோகம் அரித்துப் போகும். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அதைக் கட்டையில் அடித்து, மை தடவி, தாளில் அழுத்தினால் படம். சொற்களை மொழிக்கு மொழி மாற்ற வேண்டும். படத்தை மாற்ற வேண்டியதில்லை. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் சந்தமாமா வந்தபோது, மராத்திக் குழந்தையும் ஒடியாக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒரே கையின் கோடுகளைப் பார்த்தார்கள்.

அமிலத்தில் அரித்த தகட்டைப்போல மூளையும் உண்மையாகவே மாறுகிறது. கடல் முயல் என்னும் கடல் நத்தையை வைத்து எரிக் காண்டல் செய்த ஆய்வுகள், நீண்டகால நினைவு உண்டாகும்போது நரம்பணுக்களுக்கு இடையே புதிய இணைப்புகள் முளைக்கின்றன என்று காட்டின. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. நினைவு என்பது புகை போன்ற ஒன்று இல்லை. புரதத்தால் கட்டிய பொருள். அப்படியென்றால் வடபழனியில் ஒரு மேசையில் உட்கார்ந்து தூரிகையை இழுத்த சங்கர், அவர் முகமே பார்க்காத குழந்தைகளின் மண்டைக்குள் மிக நுண்ணிய இணைப்புகளை நட்டிருக்கிறார். அவற்றில் சில என்னிடம் இருக்கின்றன. நீங்கள் படித்தவர் என்றால், உங்களிடமும்.

பென்சிலை எடுத்தபோது

இதோடு மனம் ஆறியிருக்கலாம். ஓவியர் போனாலும் ஓவியம் நம்மிடம் இருக்கிறது என்று. ஆனால் அந்த இரவில் இதழைத் திறக்காமல், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தப் படத்தை நினைவிலிருந்து வரையப் பார்த்தேன். வரவில்லை. வாள் எந்தக் கோணத்தில் இருந்தது? பிணத்தின் கை எங்கே தொங்கியது? அரசனின் கண் எந்தப் பக்கம் பார்த்தது? அத்தனை தெளிவாகத் தெரிந்த படம், பென்சில் நுனி தாளைத் தொட்டதும் விலகிப் போயிற்று.

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1979-இல் ரேமண்ட் நிக்கர்சனும் மர்லின் ஆடம்ஸும் அமெரிக்கர்களிடம், அவர்கள் தினமும் கையாளும் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலோர் பாதி விவரங்களைக்கூடச் சரியாக வைக்கவில்லை. நம்மூர் ஒரு ரூபாய் நாணயத்தை வரைந்து பாருங்கள், தெரியும். ஒன்றை அடையாளம் காண்பது ஒரு திறன். அதை ஒன்றுமில்லாத தாளில் மறுபடி உண்டாக்குவது வேறு திறன். முதலாவது நம் எல்லோரிடமும் இருக்கிறது. இரண்டாவது, உடம்பின் சாய்வை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணும், பல்லாயிரம் முறை தூரிகையை இழுத்துப் பழகிய விரலும் சேர்ந்தால் வருவது. சங்கர் ஏறத்தாழ அறுபது வருடம் அந்த வேலையைச் செய்தார். அம்புலிமாமா நின்ற பிறகும் ராமகிருஷ்ண விஜயம் இதழுக்கு வரைந்தார்.

ஒரு கலைஞர் இறக்கும்போது போவது எது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. படம் போகவில்லை. அதைப் பார்க்கும் கண்ணும் போகவில்லை. வெறுந்தாளிலிருந்து அந்த அரசனை எழுப்பி நடக்கவைத்த வழி போய்விட்டது. அது அந்த ஒரு கையில் மட்டும் இருந்தது. பார்த்த நம்மில் யாரிடமும் அதன் நகல் இல்லை.

மறுநாள் காலை தாள் மேசைமேலேயே கிடந்தது. ரெண்டு கால், ஒரு நீளக் கோடு, தோளில் ஏதோ ஒன்று. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் தம்பி மகள் எங்களோடு இருந்தாள். அம்புலிமாமா என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலை அரசனின் தோளில் வைத்தாள்.

“தோள்ல யாருங்க பெரியப்பா?”

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினேன்.